வானத்தில் கண்டதை எழுதி வைத்தவர்கள்

1989ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் திகதி மாலை. பெல்ஜியத்தின் கிழக்கெல்லையில், ஜேர்மன் மொழி பேசும் மக்கள் வாழும் ஒய்ப்பன் நகரையண்டிய வீதியொன்றில் இரு பொலிஸார் ரோந்து சென்றுகொண்டிருந்தனர். பொழுது சாய்ந்து இருள் கவிந்துவிட்ட நேரம். வீதியோரப் புல்வெளியொன்று பகல்போல் வெளிச்சமாகியிருப்பதைக் கண்டு அவர்கள் வாகனத்தின் வேகத்தைக் குறைத்தனர். அண்ணாந்து நோக்கியபோது பெரியதொரு கரிய வடிவம் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. அதன் அடிப்புறத்தில் முக்கோணமாக மூன்று வெள்ளை விளக்குகள். நடுவே விட்டுவிட்டு ஒளிர்ந்த ஒரு சிவப்பு விளக்கு. அவ்வளவு தாழ்வாகச் செல்லும் விமானத்துக்குரிய இரைச்சல் கேட்கவில்லை. பின்னர் அவர்கள் ஷிலெப் நீர்த்தேக்கத்தின் மேலாக ஓர் ஒளியை நெடுநேரம் அவதானித்தனர்.

அன்று மாலை அப்பிரதேசத்தில் அதுபோன்ற ஒன்றைக் கண்டதாகக் கூறியவர்கள் அவ்விருவர் மட்டுமல்லர். அந்த ஒரு நாளுக்குரியனவாக மட்டும் 143 தகவல்கள் பதிவாகின என்று அந்நாட்டு விமானப்படையின் உயரதிகாரியாக இருந்த வில்ஃபிரைட் டி புரோவர் பிற்காலத்தில் எழுதியுள்ளார். அடுத்த பல மாதங்கள் பெல்ஜியத்தின் வானம் அந்நாட்டு மக்களின் அன்றாடப் பேச்சாயிற்று.

அவர்கள் கண்டது என்ன? இன்றுவரை அனைவரும் ஏற்றுக்கொண்ட விடை இல்லை. இக்கட்டுரையில் நாம் அவ்வினாவுக்கு விடை கூற முற்படவும் இல்லை. நாம் எடுத்துக்கொள்வது வேறொரு வினா. எவரும் நம்பமாட்டார்கள் என்று தோன்றும் ஒன்றைக் கண்ட சாதாரண மனிதர் அதனை யாரிடம் சென்று சொல்வது? கேட்பவர் எப்படிக் கேட்க வேண்டும்? கேட்டதை என்ன செய்ய வேண்டும்? நம்பப்படாமற் போவது இன்னதென்று அறிந்த நமக்கு இது வெறும் வேடிக்கை வினா அன்று.

அரசு கைவிட்ட வேலை

"பறக்கும் தட்டு" என்ற தொடரின் பிறப்பே ஒரு பாடந்தான். 1947ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் திகதி கென்னத் ஆர்னோல்ட் என்னும் அமெரிக்க விமானி, வாஷிங்டன் மாநிலத்து ரெய்னியர் மலையருகே ஒன்பது பொருட்கள் அதிவேகமாகச் சென்றதைக் கண்டதாகக் கூறினார். தண்ணீரின் மேல் வீசியெறிந்த தட்டுத் தத்திச் செல்வதுபோல அவை சென்றன என்று அவர் விளக்கினார். அவர் சொன்னது அசைவைப் பற்றி. பத்திரிகைகள் அதனை வடிவமாக்கிவிட்டன. அன்றிலிருந்து மக்கள் தட்டுகளையே காணத் தொடங்கினர். சாட்சி சொன்னதற்கும் எழுதுபவர் எழுதியதற்கும் இடையிலுள்ள இந்த இடைவெளி, எம்மைப் போன்ற பத்திரிகைத் தொழில் செய்வோர் நாணத்துடன் நினைவில் வைத்திருக்க வேண்டியதாகும்.

அமெரிக்க விமானப்படை இத்தகவல்களை விசாரிக்க 1952ஆம் ஆண்டு முதல் "நீலப் புத்தகம்" என்ற பெயரில் ஒரு பிரிவை நடத்திற்று. 1969ஆம் ஆண்டு டிசெம்பரில் அது மூடப்படும் என அறிவிக்கப்பட்டது. அதன் இறுதிக் கணக்கின்படி 12,618 தகவல்கள் பதிவாகியிருந்தன. அவற்றுள் 701 இனங்காணப்படாதவை. எனினும் விசாரணை நடந்த முறையில் மக்களுக்கு நம்பிக்கை இருக்கவில்லை. பதற்றத்தைத் தணிப்பதே அரசின் நோக்கம், உண்மையைத் தேடுவதன்று என்ற எண்ணம் பரவலாக இருந்தது.

அந்த இடைவெளியிலேயே பொதுமக்களின் அமைப்புகள் தோன்றின. 1952ஆம் ஆண்டிலேயே விஸ்கொன்சின் மாநிலத்தின் சிறு நகரொன்றில் கோரல் லோரன்சன் என்ற பெண்மணி "அப்ரோ" என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அமைப்பைத் தொடக்கினார். 1956இல் தலைநகர் வாஷிங்டனில் "நிக்கப்" உருவாயிற்று. ஓய்வுபெற்ற கடற்படைப் பிரிவு மேஜரான டொனால்ட் கீஹோ அதனை வழிநடத்தி, அமெரிக்கக் காங்கிரசின் விசாரணை வேண்டுமென ஓயாது வற்புறுத்தினார். 1969இல் அப்ரோவிலிருந்து பிரிந்தோர் "மியூபொன்" அமைப்பைத் தொடங்கினர். அது இன்றும் இயங்கிவருகிறது.

இவ்வமைப்புகளுக்கு அறிவியல் ஒழுங்கொன்றைக் கொண்டுவர முயன்றவருள் முதன்மையானவர் வானியற் பேராசிரியர் அலன் ஹைனெக். விமானப்படையின் ஆலோசகராகப் பணியாற்றியவர் அவர். 1966ஆம் ஆண்டு மார்ச்சில் மிச்சிகன் மாநிலத்தில் பலர் கண்ட ஒளிகளுக்குச் சதுப்பு நில வாயு காரணமாகலாம் என்று அவர் கூறியபோது நாடே நகைத்தது. அம்மாநிலத்தின் காங்கிரஸ் உறுப்பினராக இருந்த ஜெரால்ட் போர்ட், தம் மக்களுக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்க வேண்டும் என்று குரலெழுப்பினார். 1973இல் ஹைனெக் தாமே ஓர் ஆய்வு மையத்தை நிறுவினார். சாட்சிகளைக் கேலிசெய்யும் வழக்கத்தை எதிர்த்து ஆயுள்வரை பேசினார்.

ஆனால் அந்த மையத்திலிருந்து வெளிவந்த மிகப் பயனுள்ள நூல் நம்பிக்கையாளரின் நூலன்று. அம்மையத்தின் முழுநேர ஆய்வாளரான அலன் ஹென்ட்ரி, தாம் விசாரித்த 1,307 சம்பவங்களின் முடிவுகளை 1979இல் நூலாக வெளியிட்டார். பத்தில் ஒன்பதுக்கு அண்மித்தவை வழமையான பொருட்களே என்று அவர் காட்டினார். நட்சத்திரங்கள், கிரகங்கள், இரவில் மின்விளக்கு எழுத்துகளுடன் பறந்த விளம்பர விமானங்கள் முதலியவற்றையே மக்கள் விண்கலங்களாகக் கண்டிருந்தனர். பறக்கும் பொருட்களைத் தேடவென அமைந்த நிலையமே, தன்னிடம் வந்தவற்றிற் பெரும்பகுதி வெறும் நட்சத்திரம் என்று அச்சிட்டு வெளியிட்டது. இந்த நேர்மையை நாம் இக்கட்டுரை முழுவதும் தேடிச் செல்வோம்.

பிரசெல்ஸில் ஒலித்த தொலைபேசி

இனி பெல்ஜியத்துக்குத் திரும்புவோம். ஒய்ப்பன் சம்பவம் நடந்தபோது, அதனை விசாரிக்கவென அரச நிறுவனமெதுவும் அந்நாட்டில் இருக்கவில்லை. அயல்நாடான பிரான்சில் 1977ஆம் ஆண்டு முதல் தேசிய விண்வெளி நிலையத்தின் கீழ் அதற்கென ஒரு பிரிவு துலூஸ் நகரில் இயங்கிவந்தது. பெல்ஜியத்தில் இருந்ததோ "சொபெப்ஸ்" என்ற, தொண்டர்களாலான ஒரு சங்கம். 1971இல் பிரசெல்ஸில் உருவான இச்சங்கத்தின் உறுப்பினர்கள் வேறு வேறு தொழில் செய்துகொண்டு, மாலைகளையும் வார இறுதிகளையும் இப்பணிக்கு அளித்தவர்கள். "இன்போரெஸ்பாஸ்" என்ற சஞ்சிகையையும் அவர்கள் நடத்திவந்தனர்.

தகவல்கள் பெருகியபோது வழமைக்கு மாறான ஒன்று நடைபெற்றது. அரச தரப்பு இச்சங்கத்தை எள்ளி நகையாடவில்லை, அதனுடன் ஒத்துழைத்தது. பொலிஸார் தம்மிடம் வந்த சாட்சிகளைச் சங்கத்துக்கு அனுப்பினர். 1990ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு விடுமுறையின்போது லியேஜ் நகருக்கருகிலுள்ள பியெர்செ விமானத்தளத்தில் தொண்டர்களும் விமானப்படையினரும் பொலிஸாரும் சேர்ந்து பல இரவுகள் வானைக் கண்காணித்தனர். அகச்சிவப்புக் கமெரா பொருத்திய விமானமொன்றும் ஆயத்தமாக வைக்கப்பட்டிருந்தது. தீர்க்கமான சான்று எதுவும் அகப்படவில்லை. ஆயினும் குடிமக்கள் சங்கமொன்றும் இராணுவமும் ஒரே தளத்தில் ஒரே வினாவுடன் விழித்திருந்த அந்த இரவுகள் ஐரோப்பாவில் அரிதான காட்சி எனலாம்.

டி புரோவரின் கணக்கின்படி, அந்த அலையின்போது பதிவான தகவல்கள் ஏறத்தாழ இரண்டாயிரம். அவற்றுள் 650 அளவில் நேரடியாக விசாரிக்கப்பட்டன. ஐந்நூறுக்கு மேற்பட்டவை விளக்கமின்றி எஞ்சின. இவ்வளவும் செய்தவர்கள் சம்பளம் பெறாதவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. அவர்களது அறிக்கைகள் 1991இலும் 1994இலும் இரு பெரும் பாகங்களாக நூலுருப் பெற்றன. முதற் பாகத்துக்குப் பின்னுரை எழுதியவர் டி புரோவரே.

கேட்கும் முறை

இத்தகைய சங்கங்கள் செய்யும் வேலையை அருகிலிருந்து நோக்கினால், அதன் பெரும்பகுதி வானத்தைப் பார்ப்பதன்று, மனிதரைக் கேட்பது என்பது புலனாகும். தேர்ந்த சங்கங்கள் தம் புதிய தொண்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒழுங்கு ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் ஒன்றுபோலவே அமைந்திருக்கிறது.

சம்பவம் நடந்து இயன்றளவு விரைவாகச் சாட்சியிடம் செல்ல வேண்டும். முதலில் அவரைத் தடையின்றிப் பேசவிட வேண்டும், கேள்விகள் பின்னர்தான். இருவர் கண்டிருந்தால் இருவரையும் தனித்தனியே கேட்க வேண்டும்; ஒருவர் சொல் மற்றவர் நினைவுக்குள் புகுந்துவிடக் கூடாது. "அது முக்கோணமாக இருந்ததா?" என்று கேட்கலாகாது, "அதன் வடிவத்தை வரைந்து காட்டுங்கள்" என்று தாளைக் கொடுக்க வேண்டும். பின்னர் அவரை அதே இடத்துக்கு, அதே வேளையில் அழைத்துச் சென்று, எந்தத் திசை, அடிவானிலிருந்து எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் என்பவற்றை அளந்து குறிக்க வேண்டும். இருளில் தூரத்தையும் பருமனையும் எவராலும் சரியாக மதிப்பிட முடியாது. ஆகவே, "எத்தனை மீற்றர்?" என்று கேட்பதிற் பயனில்லை, கையை நீட்டிப் பிடித்தால் எவ்வளவு பெரிய பொருள் அதனை மறைத்திருக்கும் என்று கேட்பதே முறை. முழுநிலவையே நீட்டிய கையிலுள்ள ஒரு பட்டாணிக் கடலை மறைத்துவிடும் என்பதை அறிந்தவர்கள் சிலரே.

அடுத்து வருவது நீக்கும் வேலை. அன்றிரவு வெள்ளிக் கிரகம் எங்கிருந்தது? அவ்வழியே சென்ற விமானங்கள் எவை? வானிலை நிலையம் பலூன் விட்டதா? இப்பொழுதோ 2019ஆம் ஆண்டு முதல் வரிசையாக வானிற் செல்லும் ஸ்டார்லிங்க் செய்மதிகளையும் பார்க்க வேண்டியிருக்கிறது. இவை அனைத்தும் பொருந்தாத பின்னரே ஒரு சம்பவம் "விளக்கப்படாதது" என்ற கோவைக்குள் செல்லும். விளக்கப்படாதது என்றால் வேற்றுலகத்திலிருந்து வந்தது என்று பொருளன்று. "எமக்குத் தெரியவில்லை" என்பதே அதன் பொருள்.

சாட்சியைக் காப்பதும் இம்முறையின் ஓர் அங்கம். பிரித்தானியாவின் "புபோரா" அமைப்பு தன் விசாரணையாளர்களுக்கான நடத்தைக் கோவையொன்றை 1980களில் வகுத்தது. வேற்றுலகத்தாராற் கடத்தப்பட்டதாகக் கூறுவோரை அறிதுயிலில் ஆழ்த்தி நினைவுகளை வரவழைக்கும் வழக்கம் அமெரிக்காவில் பரவிய காலம் அது. அவ்வாறு வெளிவருவன நினைவுகளா, கேட்பவர் ஊட்டிய கற்பனைகளா என்பது தெரியாது, சாட்சிக்கும் அது தீங்கு செய்யலாம் என்று கண்டு, 1980களின் பிற்பகுதியில் புபோரா தன் விசாரணையாளர்கள் அம்முறையைக் கையாள்வதை நிறுத்திவைத்தது. பரபரப்பான கதைகள் கிடைக்கும் வழியொன்றைத் தானாகவே அடைத்துக்கொண்ட செயல் அது.

இதை எழுதும்போது நமக்கு வேறோர் அறை நினைவுக்கு வருகிறது. புகலிடம் கோரி வந்த நாட்டில், மேசைக்கு அப்பால் ஓர் அதிகாரி. பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர். ஒரே கேள்வி மூன்று விதமாகக் கேட்கப்பட்டது. ஒரு திகதியை நாம் மாற்றிச் சொன்னபோது அவரது பேனா தாளிற் குனிந்தது. நாம் "விடியப்புறம்" என்றது "காலை" ஆகிப் பதிவாயிற்று என்பதைப் பல மாதங்களின் பின்னரே அறிந்தோம். வாசகர்களுள் பலர் அந்த நாற்காலியில் அமர்ந்தவர்களே. வானத்தில் கண்ட ஒளியையும் நம் மக்கள் கண்ட அழிவையும் ஒரே தராசில் வைக்கின்றோம் என எவரும் எண்ணிவிடலாகாது. எனினும் கேட்கும் முறை ஒன்றுதான். நேர்மையான சாட்சியும் திகதியில் தவறக்கூடும். சற்றும் பிசகாத கதையும் பொய்யாகக்கூடும். இவ்விரண்டையும் அறிந்தவரே நல்ல விசாரணையாளர். கேலி செய்பவராலும் முடியாது. கேட்டதெல்லாம் நம்புபவராலும் முடியாது.

தமக்கெதிரான சான்று

1990ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் திகதி இரவு பெல்ஜிய அலையின் உச்சம். தரையிலிருந்து பொலிஸார் ஒளிகளைக் கண்டதாக அறிவித்தனர். குளோன் ராடர் நிலையத்திலும் தடயங்கள் தெரிந்தன. நள்ளிரவின் பின் போவ்ஷான் தளத்திலிருந்து இரண்டு எப்-16 போர் விமானங்கள் மேலெழுந்தன. விமானங்களின் ராடர்கள் சில தடவைகள் எதனையோ பற்றிப் பிடித்து இழந்தன. விமானிகள் கண்ணால் எதனையும் காணவில்லை. அவ்வாண்டு ஜூலையில் விமானப்படை இப்பதிவுகளைச் செய்தியாளர் முன் வெளியிட்டது. உலகப் பத்திரிகைகள் அதனைக் கொண்டாடின. சொபெப்ஸ் சங்கத்தின் கையில் இதைவிடப் பெரிய சான்று இருந்ததில்லை.

அச்சான்றைப் பரிசீலிக்க முன்வந்தவர் லூவான்-லா-நேவ் பல்கலைக்கழகப் பௌதிகவியற் பேராசிரியர் ஒகுஸ்ட் மேசன். அவர் சங்கத்துக்கு வெளியே நின்ற எதிராளி அல்லர். சங்கத்தின் நெருங்கிய ஒத்துழைப்பாளர். பறக்கும் பொருட்கள் தீவிர ஆய்வுக்குரியவை என்ற கருத்துடையவர். அவர் ராடர் பதிவுகளை நீண்டகாலம் ஆராய்ந்து, அவற்றிற் பெரும்பாலானவை ஈரப்பதன் மிகுந்த காற்றுத் திரள்களால் உண்டான போலி எதிரொலிகள் என்ற முடிவுக்கு வந்தார். விமானப்படையின் தொழில்நுட்ப ஆய்வோ, விமான ராடர்களின் பிடிகளுட் சில ஒன்றையொன்று பற்றியவையே எனக் கண்டது. தம் தரப்பின் பெருஞ்சான்றைத் தம் தரப்பைச் சேர்ந்தவரே தளர்த்திவிட்டார். அதனைச் சங்கத்தினர் மூடிமறைக்கவும் இல்லை.

பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில் மாணவர்களுக்கு ஆய்வுமுறை கற்பித்த காலத்தில் நாம் இதைவிட நல்ல உதாரணமொன்றை அறிந்திருக்கவில்லை. இன்று கற்பிப்பதாயின் இதிலிருந்தே தொடங்குவோம்.

ஒரு புகைப்படம்

ஆனால் இச்சங்கத்தின் வரலாறு முழுவதும் வெற்றியன்று. லியேஜ் மாகாணத்துப் பெத்தி-ரெஷான் என்ற ஊரில் 1990ஆம் ஆண்டு ஏப்ரலில் எடுக்கப்பட்டதாகக் கூறப்பட்ட வண்ணப்படமொன்று வெளிவந்தது. கருமையான முக்கோணம், மூலைகளில் மூன்று ஒளிகள், நடுவே ஒன்று. சாட்சிகள் வாயாற் சொன்னதை அப்படியே கண்முன் நிறுத்தியது போன்ற படம். ஆய்வுகூடங்கள் பல அதனைப் பரிசோதித்தன. மோசடி என்று திட்டமாக எவரும் நிறுவவில்லை. படம் உலகெங்கும் அச்சாயிற்று. பெல்ஜிய அலை என்றாலே அப்படம் என்ற நிலை தோன்றியது.

2011ஆம் ஆண்டு ஜூலையில் அதனை எடுத்தவர் தொலைக்காட்சியிற் தோன்றி உண்மையைச் சொன்னார். பொலிஸ்டைரின் தகட்டை முக்கோணமாக வெட்டி, வர்ணம் பூசி, சிறு விளக்குகள் பொருத்திக் கயிற்றில் தொங்கவிட்டு எடுத்த படம் அது. இருபத்தொரு ஆண்டுகள் உலகம் ஏமாந்திருந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது யாதெனில், படம் வெளியான சில ஆண்டுகளுக்குள்ளேயே பெல்ஜியத்தைச் சேர்ந்த வேறோர் ஆய்வாளர் எளிய மாதிரியொன்றைக் கொண்டு அதனைப் பெரிதும் ஒத்த படத்தை எடுத்துக் காட்டியிருந்தார். அவரது எச்சரிக்கை போதிய அளவு செவிமடுக்கப்படவில்லை. ஏன்? அப்படம் தாங்கள் ஏற்கெனவே நம்பியதைச் சொல்லிற்று. நமக்கெதிரான சான்றை நாம் பத்துத் தடவை தட்டிப் பார்க்கின்றோம். நமக்குச் சாதகமானதை ஒரு தடவை தட்டிவிட்டு வாங்கிக்கொள்கின்றோம். இது வானத்தைப் பார்ப்போருக்கு மட்டும் உரிய குறையன்று. அரசியல் படங்களும் செய்திகளும் கைமாறும் நம் சமூகத்துக்கும் இது நன்றாகவே பொருந்தும்.

பொய்ப் படம் ஒன்றினால் ஒய்ப்பன் பொலிஸார் பொய்யராகிவிடவில்லை. அவர்கள் கண்டது ஹெலிகொப்டராக இருக்கலாம் என்பாரும், வதந்தி பரவப் பரவச் சாதாரண ஒளிகள் முக்கோணமாகக் காணப்பட்டன என்பாரும், இரண்டையும் மறுப்பாரும் உள்ளனர். ஆனால் படத்தின் பொய், மற்றையோரின் மெய்யான சாட்சியங்கள் மீதும் நிழல் விழுத்திவிட்டது. ஒருவரது பொய்க்குப் பலர் விலை கொடுக்கின்றனர். இதனையும் நாம் அறிவோம்.

பனிப் பள்ளத்தாக்கில்

சாட்சியத்தைக் கேட்பதோடு நில்லாமல் கருவிகளுடன் சென்றோரும் உண்டு. நம்மவர் பலர் வாழும் நோர்வேயின் நடுப்பகுதியில் ஹெஸ்டாலன் என்ற ஒடுங்கிய பள்ளத்தாக்கு இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அங்கு வாழும் குடியானவர்கள் வானில் இனந்தெரியாத ஒளிகளைக் காணத் தொடங்கினர். அரச நிறுவனங்கள் அதில் நிலையான அக்கறை காட்டவில்லை. 1983இல் நோர்வேயையும் சுவீடனையும் சேர்ந்த ஆர்வலர் அமைப்புகள் கூடி "ஹெஸ்டாலன் திட்டம்" என்ற ஒன்றை உருவாக்கின. பொறியியலாளரான எர்லிங் ஸ்ட்ரான்ட் அதன் முன்னோடிகளுள் ஒருவர்.

1984ஆம் ஆண்டு ஜனவரி 21 தொடக்கம் பெப்ரவரி 26 வரை, கடுங்குளிரில், தொண்டர்கள் அங்கே முகாமிட்டனர். ராடர், காந்தமானி, நில அதிர்வுமானி, ஒளியை நிறம்பிரித்துக் காட்டும் கமெராக்கள் எல்லாம் இரவலாகவும் அன்பளிப்பாகவும் திரட்டப்பட்டவை. ஐம்பதுக்கு மேற்பட்ட ஒளிகளை அவர்கள் பதிவு செய்தனர். 1998இல் ஒஸ்ட்போல்ட் உயர்கல்லூரியின் துணையுடன் தானியங்கி அவதானிப்பு நிலையமொன்று அங்கு நிறுவப்பட்டது. இத்தாலிய விஞ்ஞானிகளும் பின்னர் வந்து சேர்ந்தனர். அவ்வொளிகளுட் சில தொலைவில் ஓடும் வாகன விளக்குகளே எனப் பிந்திய ஆய்வுகள் காட்டின. எஞ்சியவற்றுக்குப் பல கருதுகோள்கள் உள்ளன, முடிவு இல்லை. நகைப்புக்கு அஞ்சி வாய்மூடியிருந்த கிராமத்தவர்களின் சொல், ஒரு தலைமுறைக்குள் பல்கலைக்கழக மாணவர்களின் களப்பயிற்சியாக மாறியமைதான் இங்கு நாம் காணும் பயன்.

காகிதங்கள் எங்கே போகின்றன?

தொண்டர் சங்கங்களுக்கு ஒரு பொது விதி உண்டு: தொடக்கியோர் முதுமையடைகின்றனர், இளையோர் வருவதில்லை, பணம் தீர்ந்துவிடுகிறது. நிக்கப் 1980இல் மறைந்தது. அதன் கோவைகள் ஹைனெக்கின் மையத்துக்குச் சென்று தப்பின. அப்ரோவின் கதை வேறு. அதன் தூண்களான லோரன்சன் தம்பதியினர் இறந்த பின் 1988இல் அது கலைந்தது. முப்பத்தாறு ஆண்டுகளாகச் சேர்த்த கோவைகள் தனியார் வசமாகிப் பல தசாப்தங்கள் ஆய்வாளருக்கு எட்டாமற் கிடந்தன. சொபெப்ஸ் 2007ஆம் ஆண்டின் முடிவில் தன்னைத் தானே கலைத்துக்கொண்டது; அதன் பணியைத் தொடர "கொபெப்ஸ்" என்ற சிறிய அமைப்பு உருவாயிற்று.

இந்த அழிவை முன்கூட்டியே உணர்ந்தவர்கள் சுவீடனில் இருந்தனர். 1973ஆம் ஆண்டு தொடங்கி நொர்சேப்பிங் நகரில் சிலர் ஓர் ஆவணக் காப்பகத்தை வளர்த்து வந்தனர். கலைந்துபோகும் சங்கங்களின் கோவைகளையும், மறைந்த ஆய்வாளர்களின் அலுமாரிகளையும் பல நாடுகளிலிருந்தும் ஏற்றிவந்து அடுக்கினர். நம்புவோரின் தாள்களும் மறுப்போரின் தாள்களும் அங்கே ஒரே தட்டில் உள்ளன. இன்று இத்துறையில் உலகின் மிகப்பெரிய காப்பகங்களுள் ஒன்று அது. 1981இல் தன் நூலகம் ஓரிரவில் எரிந்ததைக் கண்ட யாழ்ப்பாணத்து மக்களுக்கு அந்த அலுமாரிகளின் பெறுமதியை நாம் விளக்க வேண்டியதில்லை.

பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சு இத்தகவல்களைப் பெறும் மேசையை 2009ஆம் ஆண்டின் இறுதியில் மூடிவிட்டது. மறுபுறம், அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா அமைத்த சுயாதீனக் குழு 2023ஆம் ஆண்டு செப்டெம்பரில் வெளியிட்ட அறிக்கையில், இத்துறையின் பெருங்குறை தரமான தரவுகள் இல்லாமையே என்று கூறிற்று. பொதுமக்கள் தம் கைத்தொலைபேசிகளினூடாக ஒழுங்கான முறையில் தகவல் திரட்ட வழிசெய்யலாம் என்றும் பரிந்துரைத்தது. எழுபது ஆண்டுகள் சுற்றி வந்து அறிவியல் மீண்டும் குடிமக்களின் வாசலில் நிற்கிறது.

நாம் செய்யக்கூடியது

இச்சங்கங்கள் வேற்றுலகத்திலிருந்து வந்த கலமொன்றையேனும் நிறுவிக் காட்டவில்லை. அவ்வகையில் அவை தோற்றன என்று சொல்வோரை நாம் மறுக்கப்போவதில்லை. ஆனால் தன் கண்ணால் ஒன்றைக் கண்டு வாய்திறக்க அஞ்சியிருந்த ஆயிரக்கணக்கான மனிதருக்கு, கேலியின்றிக் கேட்கவும் கேட்டதைச் சோதிக்கவும் ஓரிடம் இருந்தது. அதனை எந்த அரசும் அவர்களுக்குக் கட்டிக் கொடுக்கவில்லை.

நாளை இரவு வாசகர் எவரேனும் வானில் விளங்காத ஒன்றைக் காண நேர்ந்தால், பக்கத்து வீட்டாருக்குச் சொல்லுமுன் நேரத்தையும் திசையையும் கால அளவையும் ஒரு தாளில் எழுதிக்கொள்வாராக. அது பெரும்பாலும் வெள்ளிக் கிரகமாகவே இருக்கும். அதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் முதியோர் இருக்கின்றனர். அவர்கள் கண்டவை பல. கேட்டு எழுதியோர் சிலரே. ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் முன் அமருங்கள். முதலிற் பேசவிடுங்கள், இடையில் திருத்தாதீர்கள். அம்மாவைத் தனியாகவும் பெரியப்பாவைத் தனியாகவும் கேளுங்கள். திகதி தெரியாதெனில், நெல் அறுத்த காலமா, மாரி தொடங்கிய காலமா என்று கேளுங்கள். இருவர் சொல்வதும் முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள், ஒன்றை அழித்துவிடாதீர்கள். அவர்கள் பயன்படுத்திய சொல்லையே எழுதுங்கள்: "விடியப்புறம்" என்றால் விடியப்புறம்தான். கேட்ட நாளையும் கேட்டவர் பெயரையும் அடியிற் குறித்து, ஒரு பிரதியை வேறொரு வீட்டில் வைத்துவிடுங்கள்.

பெல்ஜியத்துத் தொண்டர்கள் இவ்வளவையும் வானில் மறைந்துபோன சில ஒளிகளுக்காகச் செய்தார்கள்.